பரீட்சைக்கு முன்பே உற்பத்தியா?

அமெரிக்காவின் எப்-35 சண்டை விமானத்தைப் பற்றி, "அவ்வளவு நுட்பமான யந்திரத்துக்குத் தாமதமும் செலவும் சகஜந்தானே" என்று சிலர் சமாதானம் சொல்லுகிறார்கள். தாமதத்தை நானும் ஒப்புக்கொள்ளுகிறேன். நான் யந்திர சாஸ்திரம் படித்தவனல்ல. ஆனாலும் வண்டி வாங்குகிற குடியானவன்கூட ஓட்டிப் பார்த்த பிறகுதானே பணத்தை அவிழ்க்கிறான்? இங்கோ பரீட்சை முடியுமுன் 2007-லேயே உற்பத்தி ஆரம்பமாயிற்று. முழு அளவு உற்பத்திக்கு அனுமதி கிடைத்ததோ 2024-ல்! இடையில் செய்துவிட்ட நூற்றுக்கணக்கான விமானங்களில் குறை கண்டு திருத்தினால், அந்தச் செலவு யார் தலையில்? வரி கொடுப்பவன் தலையில்தானே! பலனாவது உண்டா என்றால், 2023 மார்ச்சில் 100-க்குச் சுமார் 55 வீதமே பறக்கத் தயார் என்று அந்நாட்டுக் கணக்குப் பரிசோதனை இலாகாவே எழுதிற்று. 10,000-க்கு மேற்பட்ட உறுப்புகள் அப்போது பழுது பார்ப்பாரின்றிக் காத்துக் கிடந்தன.