செயலியில் சிக்கிய சாப்பாட்டுக் கடை



ஜொகூர் பாரு, ஜாலான் உங்கு புவான் பக்கம் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை என்று வைத்துக்கொள்வோம். ஒரு சாப்பாடு 12 ரிங்கிட். உணவு விநியோகச் செயலி 30 விழுக்காடு கமிஷன் எடுத்தால் 3 ரிங்கிட் 60 காசு போய்விடும். மீதியில்தான் அரிசி, கேஸ், வாடகை, ஆள் சம்பளம் எல்லாம். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். குழம்பு கொட்டிவிட்டது என்று வாடிக்கையாளர் புகார் செய்ததும், கடைக்காரரை ஒரு வார்த்தை கேட்காமல் முழுப் பணத்தையும் பிடித்துக்கொண்டால்? கொட்டியது கடையிலா, மோட்டார் சைக்கிளிலா?

பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பயனீட்டாளர் நடுவர் மன்றம். அந்தக் கதவு கடைக்காரருக்குத் திறக்காது. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சொந்த உபயோகத்திற்கும் வீட்டு உபயோகத்திற்கும் வாங்குபவருக்கானது, வியாபாரிக்கானது அல்ல.

அவருக்கு உள்ள பிடி ஒப்பந்தம்தான். கைப்பேசியில் 'சம்மதம்' என்று அழுத்தியதும் ஒப்பந்தமே. அதிகக் கமிஷன் என்பது மட்டும் சட்டமீறல் ஆகாது. ஆனால் ஒப்பந்தத்தில் இல்லாத கழிவைப் பிடித்தால் அது ஒப்பந்த மீறல். 1 லட்சம் ரிங்கிட் வரையிலான கோரிக்கையை மாஜிஸ்திரேட் நீதிமன்றம் விசாரிக்கும். வழக்குத் தொடுக்க 6 ஆண்டு அவகாசம். எனினும், தகராறுகள் நடுவர் தீர்ப்புக்கே போகவேண்டும் என்ற விதி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். பொட்டலம் கட்டியவுடன் எடுத்த படம், ஆர்டர் எண், மாதக் கணக்கறிக்கை இவையே சாட்சி. பத்திரப்படுத்தாதவர்களே அதிகம்!

ஒப்பந்தமே இல்லாமல் கடையின் பெயரையும் சின்னத்தையும் செயலியில் போட்டால் அது வேறு வழக்கு. பதிவு செய்த சின்னத்திற்கு 2019-ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டம் கைகொடுக்கும். அமெரிக்காவில் இன்-அண்ட்-அவுட் பர்கர் நிறுவனம் 2015-இல் டோர்டேஷ் மீது இப்படித்தான் வழக்குத் தொடுத்தது. கலிபோர்னியாவில் 2021 முதல், உணவகத்தின் சம்மதம் இன்றி அதன் உணவை விநியோகிக்கத் தடை உண்டு.

சந்தையில் ஆதிக்கம் செலுத்தும் நிறுவனம் அந்தப் பலத்தைத் தவறாகப் பயன்படுத்தினால், 2010-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டப்படி மலேசியப் போட்டி ஆணையத்திடம் புகார் செய்யலாம். இந்தியாவில் ஸொமேட்டோ, ஸ்விகி மீது தேசிய உணவகங்கள் சங்கம் புகார் கொடுக்க, 2022 ஏப்ரலில் அங்குள்ள போட்டி ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. இந்நாட்டிலும் பிரிமாஸ், பிரெஸ்மா போன்ற உணவக உரிமையாளர் சங்கங்கள் உண்டு. பல கடைகளின் கழிவுக் கணக்குகளைத் திரட்டி ஒரே புகாராகக் கொடுக்க அவற்றால் முடியும்.