ஜோகூர் பாருவில் வண்டி நிறுத்த ஓர் இடம்

ஜோகூர் நீரிணையின் குறுக்கே 1924ஆம் ஆண்டு ஜூன் மாதம் கடற்பாலம் முறைப்படி திறக்கப்பட்ட காலத்தில் மோட்டார் வாகனங்கள் சொற்பமே. இன்றோ, தீபாவளி நெருங்கும் நாள்களில் புத்தாடை வாங்கவும் ராஜமாரியம்மனைத் தரிசிக்கவும் சிங்கப்பூரிலிருந்தும் கூலாயிலிருந்தும் வருகின்ற குடும்பங்கள், ஜாலான் ஊங்கு புவான், ஜாலான் துரூஸ் முதலிய பழைய கடைத்தெருக்களில் வண்டி நிறுத்த இடமின்றிச் சுற்றிச் சுற்றி வருவதைக் காண மனம் வருந்துகிறது.

ஆண்டு, மாதம், நாள், நேரம் ஆகியவற்றை நகத்தால் சுரண்டி முன்கண்ணாடியின் உட்புறம் வைத்த காகிதக் கூப்பன் போய், கைப்பேசியிலேயே கட்டணம் செலுத்தும் ஏற்பாடு வந்திருப்பது பெரும் சௌகரியந்தான். ஆயினும் கட்டணம் செலுத்துவது சுலபமாயிற்றேயன்றி இடம் பெருகவில்லை. ஆகையால், உடன் வந்த முதியோரைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, ஜேபி சென்ட்ரல் ரயில் நிலையத்தின் பக்கத்திலுள்ள பேரங்காடியின் மாடி நிறுத்துமிடத்தில் வாகனத்தை விட்டு, கடைகளின் முன்னுள்ள ஐந்தடி நடைபாதை வழியே நிழலில் நடந்து வருவதே உசிதம்.

பிறர் வண்டிக்குக் குறுக்கே நிறுத்தி, தொலைபேசி எண்ணை ஒரு சீட்டில் எழுதி வைத்துவிட்டால் போதுமென்று கருதும் வழக்கத்தை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. அவசரமாய் மருத்துவமனைக்குப் புறப்பட்டவர் அந்த எண்ணை அழைத்தபடி வெயிலில் நிற்க நேரிடுகிறதே!