துரையைப் பார்க்கப் போன நாள்



ஜனவரி முதலாந் திகதியை எங்கள் சப்ரகமுவத் தோட்டங்களில் 'இங்கிலீசு வருசம்' என்பார்கள். சித்திரையில் வருவது வெறும் 'வருசம்'. வெளியிலிருந்து வந்த நாளுக்குத்தான் அடைமொழி வேண்டியிருக்கிறது. அந்த நாளைத் தமிழர் எவ்வாறு தமதாக்கிக் கொண்டனர் என்பதே இன்றைய பேச்சின் பொருள். இலக்கியத் தொடரிலே நாட்காட்டிக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அந்த நாளைத் தமிழாக்கியது திருப்புகழ் என்பதால்தான் இங்கே அதைப் பேசத் துணிந்தேன்.

முதலில் சீனத்தைச் சற்றே எட்டிப் பார்த்து வருவோம். 1912 ஜனவரி 1ஆம் திகதி சுன் யாட் சென் சீனக் குடியரசின் தற்காலிகத் தலைவராகப் பதவியேற்றார். மேனாட்டு நாட்காட்டியே அரச நாட்காட்டியாயிற்று. சந்திரக் கணக்கின்படி வந்த பழைய புத்தாண்டின் முதல் நாளுக்கு 'யுவான்தான்' என்றொரு பழம்பெயர் இருந்தது. காலப்போக்கில் அந்தப் பெயர் ஜனவரி முதலுக்குப் போய்ச் சேர்ந்தது. பழைய புத்தாண்டுக்கு 'வசந்த விழா' என்று வேறு பெயர் வந்தது. 1920களின் இறுதியில் பழையதைக் கைவிடும்படி அரசு வற்புறுத்தியும் பார்த்தது. மக்கள் கேட்கவில்லை. இன்றைக்கும் சீனர் ஊர் திரும்புவதும், சிவப்பு உறையில் பணம் வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதும் வசந்த விழாவுக்கே.

ஆனால் அதே நாட்டில், நத்தாருக்கு முந்திய இரவில் இளைஞர் ஒருவருக்கொருவர் அப்பிள் பழம் கொடுக்கின்றனர். சீன மொழியில் அப்பிளைக் குறிக்கும் சொல்லுக்கும் அமைதியைக் குறிக்கும் சொல்லுக்கும் முதல் அசை ஒரே ஒலி. இதை எந்த அரசும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு சிலேடை போதுமானதாயிற்று. காளமேகப் புலவரைப் படித்த நமக்கு இது விளங்காத சங்கதியன்று.

தமிழில் அப்படியொரு சிலேடை 'துரை' என்ற சொல்லில் நிகழ்ந்தது.

தெலுங்கின் 'தொர'வோடு உறவுடைய இச்சொல்லுக்குத் தலைவன், ஆள்பவன் என்பது பொருள். வெள்ளைக்கார அதிகாரியும் துரை. தோட்டத்தை ஆண்டவரும் துரை. அவரிலே பெரிய துரை, சின்னத் துரை என்று வேறுபாடு. இறைவனையும் இந்தச் சொல்லாலே அழைத்தவர் இராமலிங்க அடிகள். திருவருட்பாவைப் புரட்டுபவர்கள் 'துரையே' என்ற விளியைப் பலமுறை காண்பார்கள். அடிகள் பிறந்தது 1823இல். மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வரத் தொடங்கியதாகக் கொள்ளப்படும் ஆண்டும் அதுவே. தற்செயல்தான். ஆயினும் ஒரே சொல் அங்கே இறைவனையும் இங்கே தோட்ட முதலாளியின் ஆளையும் குறித்து வளர்ந்ததை எண்ணும்போது மனம் சற்றுத் தயங்கி நிற்கிறது.

ஆங்கிலேயர் ஆண்ட நாளில், சென்னை மாகாணத்து உத்தியோகத்தர் ஜனவரி முதல் நாளன்று மாலையும் எலுமிச்சம்பழமும் ஏந்தித் துரைமார் வீட்டுக்குப் போய் வாழ்த்துச் சொல்லி வருவது வழக்கம். இதைக் கண்டவர் வள்ளிமலைச் சச்சிதானந்த சுவாமிகள். பவானியிலே பிறந்து, மைசூர் அரண்மனையில் சமையற் பணி செய்தவர். நடுவயதிலே திருப்புகழில் ஈடுபட்டு, அதைப் படிப்பதற்காகவே எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டவர். வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளை பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஏட்டிலிருந்து அச்சேற்றித் தந்திராவிட்டால், அந்தச் சமையற்காரர் கைக்குத் திருப்புகழ் எட்டியிருக்குமோ என்பது ஐயமே.

துரைகளுக்கெல்லாம் துரையாகிய தணிகை வேலன் இருக்க, வேறு துரையின் வாசலில் நிற்பதேன் என்று சுவாமிகள் எண்ணினாராம். 1917ஆம் ஆண்டளவில் டிசம்பர் 31ஆம் திகதி அன்பர்களைத் திருத்தணிக்கு அழைத்துச் சென்றார். அங்கே மலைக்கோயிலுக்கு ஏறும் படிகள் 365. ஆண்டின் நாட்களுக்கு ஈடான கணக்கு. ஒவ்வொரு படியிலும் சூடங் கொளுத்தி, ஒவ்வொரு திருப்புகழ் பாடி ஏறினார்கள். புத்தாண்டு பிறக்கையில் முருகன் சந்நிதி. சுவாமிகள் 1950இல் மறைந்தார். திருப்படித் திருவிழா இன்றும் நடக்கிறது.

இதிலே நான் வியப்பது ஒன்றுண்டு. சுவாமிகள் அந்த நாளைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை. அது அந்நியன் நாள் என்று கதவடைக்கவுமில்லை. நாள் அதே நாள். மாலை அதே மாலை. பார்க்கப் போவதும் துரையைத்தான். போகிற வாசல் மட்டும் மாறிற்று. கூட்டம் போட்டுப் பேசியிருந்தால்கூட இத்தனை பேரை அந்த வாசலிலிருந்து திருப்பியிருக்க முடியாது.

எங்கள் பக்கத்திலே அந்த வாசல் மாறவில்லை. கேகாலை மாவட்டத்து றப்பர்த் தோட்டமொன்றில் பால் வெட்டிய என் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். இங்கிலீசு வருசத்தன்று விடியலில் தப்பு முழங்கும். தலைக் கங்காணி தலைப்பாகையோடு முன்னே நடப்பார். தட்டிலே மாலையும் எலுமிச்சம்பழமும். பெரிய துரை பங்களாப் படிக்கட்டின் உச்சியில் நின்று மாலையை வாங்கிக்கொள்வார். பெரிய கங்காணிக்கு மூன்றாம் படிவரை அனுமதி. மற்றவர்கள் புல்தரையில் நிற்க வேண்டும். தாத்தா அந்தப் படியில் ஒருமுறையும் கால் வைத்ததில்லை. திருத்தணியின் 365 படிகளைப் பற்றி வகுப்பிலே சொல்லும்போதெல்லாம் அந்த மூன்று படிகளும் எனக்கு நினைவில் வரும்.

1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் வந்தன. வெள்ளைத் துரைமார் போயினர். 1992இல் தோட்ட நிருவாகம் கம்பெனிகளிடம் போயிற்று. 'துரை' என்ற சொல் மட்டும் போகவில்லை. பங்களாவுக்கு வருபவர் எவராயினும் அவர் துரைதான்.

ஆனால் லயத்திலே வேறொன்று நடந்திருக்கிறது. ஜனவரி முதல் நாள் இந்நாட்டில் பொது விடுமுறையன்று. பிரட்டுக்குப் போகவேண்டியவர் போகத்தான் வேண்டும். அப்படியிருந்தும் நான் அறிந்த தோட்டங்களிலே விடியுமுன் கோயில் மணி கேட்கிறது. அர்ச்சனை, சுண்டல், ஒலிபெருக்கியிலே முருகன் பாட்டு. அர்த்தசாமத்துக்குப் பின் சாத்திய கோயிலை இங்கிலீசு வருசத்துக்காக நள்ளிரவில் திறப்பது ஆகமத்துக்கு ஒவ்வாது என்று கண்டிக்கும் பெரியோர் உண்டு. ஆகமம் கற்றவர்களோடு வாதாட நான் ஆளல்லன். ஆயினும் அந்த வாசலையும் சாத்திவிட்டால் இந்த மக்கள் அன்றைக்கு எந்த வாசலுக்குப் போவார்கள் என்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது.

இன்னொன்று, நுவரெலியாப் பக்கத்து நண்பர்கள் வியந்து கேட்பது. எங்கள் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களின் நடுவே சிதறிக் கிடப்பவை. அன்று காலை எங்கள் வீடுகளில் வேகுவது கிரிபத். பாற்சோறும் கட்டைச் சம்பலும். சிங்களவர் மாதத் தொடக்கத்தில் ஆக்கும் உணவு, வெள்ளைக்காரன் தந்த நாளில், முருகன் படத்துக்கு முன்னே படைக்கப்படுகிறது. வேலிக்கு அப்பாலிருந்து ஒரு தட்டு வரும். இப்பாலிருந்து ஒரு தட்டு போகும். 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்து லயங்கள் தாக்கப்பட்டு எரிந்ததை அறிந்தவர்களுக்கு, அந்தத் தட்டு வேலியைத் தாண்டுவது சிறிய காரியமாகத் தெரியாது.

திருத்தணிக்கு ஒரு வள்ளிமலைச் சுவாமிகள் வாய்த்தார். அவர் செய்தது எழுத்திலே நிலைத்தது. எங்கள் லயங்களிலே பங்களாப் படியை விட்டுக் கோயிற் படிக்கு முதலில் திரும்பியவர் யார், அன்றைக்கு என்ன பாடினார்கள் என்பதெல்லாம் முதியவர்களின் வாயிலே மட்டும் இருக்கிறது. உயர்தர வகுப்பு மாணவரிடம், தத்தம் பாட்டன் பாட்டிமாரைக் கேட்டு எழுதி வரும்படி சொல்லியிருக்கிறேன். இதுவரை இரண்டு அப்பியாசக் கொப்பிகள் நிறைந்திருக்கின்றன. பலாங்கொடைப் பக்கத்துப் பாட்டி ஒருவர் தப்புக்கு ஏற்பப் பாடிக் காட்டினாராம். அதை எப்படி எழுதுவது என்று மாணவி என்னிடம் கேட்டு நிற்கிறாள்.