பாங்கி முறிவும் பணக்காரர் நாணயமும்



பாங்கி முறிவைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், "நம்மிடம் பணம் இருந்தாலல்லவா நமக்கு அந்தக் கவலை" என்று முன்வரிசைத் தோழர் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. அவருக்கும் சேர்த்தேதான் சொல்லுகிறேன்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் சிலிக்கான் வேலி பாங்கி என்று ஒன்று இருந்தது. 1983-ல் ஏற்பட்டது. புதிய கம்பெனிகளும், அவைகளுக்கு முதல் போடும் பெரும் பணக்காரர்களுமே அதன் முக்கிய வாடிக்கைக்காரர்கள். எல்லோரும் படித்தவர்கள், கணக்கிலே புலிகள். வதந்தியைக் கேட்டு மிரளும் பாமர ஜனங்கள் என்று அவர்களை யாரும் சொல்ல முடியாது.

ஜனங்கள் போட்ட பணத்தை எந்தப் பாங்கியும் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. இந்தப் பாங்கியும் பெரும்பகுதியை நீண்டகாலக் கடன் பத்திரங்களில் குறைந்த வட்டிக்குப் போட்டது. 2022-ல் அமெரிக்க மத்திய பாங்கி வட்டியை மளமளவென்று உயர்த்தியது. புதுப் பத்திரம் அதிக வட்டி தரும்போது பழைய பத்திரத்தை எவன் முழு விலைக்கு வாங்குவான்? 2023 மார்ச்சு 8-ந் தேதி, 2,100 கோடி டாலர் பத்திரங்களை விற்றதில் 180 கோடி நஷ்டமென்றும், புதிதாக 225 கோடி முதல் திரட்டப் போவதாகவும் பாங்கி வெளியிட்டது. பாங்கி நடத்தியவர்களின் தவறை மறைத்துப் பேச நான் வரவில்லை.

மறுநாள் நடந்ததைக் கேளுங்கள். முதல் போட்ட கனவான்கள் சிலர், தங்கள் கம்பெனிகளுக்கு, உடனே பணத்தை எடுத்துவிடும்படி தகவல் அனுப்பினார்கள். ஒரே நாளில் 4,200 கோடி டாலர் கேட்டு வந்துவிட்டது. பாங்கி வாசலில் வரிசை நிற்கும் காலமல்லவே, கைப்பேசியைத் தட்டினால் போதும்! அதற்கடுத்த நாளைக்கு இன்னும் 10,000 கோடி கேட்டுக் காத்திருந்தது. 10-ந் தேதி அதிகாரிகள் பாங்கியை மூடிவிட்டார்கள்.

பணத்தை எடுத்தது குற்றமா? ஒருவருடைய டிபாசிட்டுக்குச் சர்க்கார் காப்பு 2,50,000 டாலர் வரைதான். அந்தப் பாங்கியிலிருந்த பணத்தில் நூற்றுக்கு 90-க்கு மேல் காப்பு இல்லாத பணம். அடுத்த வாரம் ஆட்களுக்குச் சம்பளம் போட வேண்டியவன் பயந்தது நியாயமே. எல்லோரும் சும்மா இருந்தால் ஒருவருக்கும் நஷ்டமில்லை என்று அவனுக்கு உபதேசம் செய்வது சுலபம். மற்றவன் சும்மா இருப்பான் என்பதற்கு அவனுக்கு ஜாமீன் கொடுத்தது யார்?

என் கேள்வி அவனைப் பற்றியதல்ல; பல கம்பெனிகளுக்கு யோசனை சொல்லும் இடத்தில் இருந்தவனைப் பற்றியது. தான் ஓடுவது வேறு. தன் சொல்லால் ஆயிரம் பேர் ஓடுவார்கள் என்று தெரிந்தே ஓடச் சொல்லுவது வேறு. "என் கம்பெனிகளின் பணத்துக்கு நான் பொறுப்பாளி" என்பான். ஒப்புக்கொள்ளுகிறேன். அப்படியானால் அத்தனை பணத்தையும் ஒரே பாங்கியில் குவித்து வைத்திருந்தபோது அந்தப் பொறுப்பு எங்கே போயிற்று? பத்திர நஷ்டம் பாங்கியின் கணக்கறிக்கையிலேயே அச்சாகி இருந்ததே, அதைப் படிக்கவில்லையா? கடன் வாங்கிய கம்பெனிகள் சில, வேறு பாங்கியில் கணக்கு வைப்பதில்லை என்று ஒப்பந்தமே எழுதிக் கொடுத்திருந்தன. சுகமாயிருந்த வரையில் உறவு, சந்தேகம் வந்தவுடன் ஓட்டம்!

இன்னும் வேடிக்கை. பாங்கி மூடிய பிறகு, முதல் போடும் கம்பெனிகள் நூற்றுக்கு மேற்பட்டவை, வேறு யாராவது அந்தப் பாங்கியை வாங்கி நடத்தினால் ஆதரிப்போம் என்று அறிக்கையில் கையெழுத்திட்டன. வியாபாரத்தில் சர்க்கார் தலையிடக் கூடாதென்று பேசி வந்தவர்களில் சிலரே, சர்க்கார் உடனே வந்து காப்பாற்ற வேண்டுமென்று கூக்குரலிட்டார்கள். 12-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமையன்று, எல்லா டிபாசிட்டும் முழுதும் கிடைக்கும் என்று சர்க்கார் அறிவித்தது. பங்குதாரர்களுக்குக் காப்பில்லை. காப்பு நிதிக்கு வந்த நஷ்டத்தை மற்றப் பெரிய பாங்கிகளிடம் தனிக் கட்டணம் போட்டு வசூலிக்க ஏற்பாடாயிற்று. 2,50,000 டாலருக்கு மேல் காப்பில்லை என்ற சட்டம், பெரிய மனிதர்களின் பணம் மாட்டிக் கொண்டதும் இரண்டே நாளில் வளைந்து கொடுத்துவிட்டது.

முன்வரிசைத் தோழருக்கு ஒன்று. எட்ஸி என்ற இணையச் சந்தையில் கையால் செய்த சாமான்களை விற்கிறவர்கள் உண்டு. அந்தச் சந்தைக் கம்பெனி இந்தப் பாங்கி மூலமும் பணம் பட்டுவாடா செய்து வந்ததால், விற்றவர்கள் சிலருக்கு வரவேண்டிய காசு அந்த நாட்களில் தாமதப்பட்டது. பாங்கியின் படியைக்கூட மிதித்திராதவர்கள். யோசனை சொல்லி அவர்களுக்கு யாரும் தகவல் அனுப்பவில்லை.

நேரமாகிவிட்டது. கேள்வி கேட்க விரும்பும் தோழர்கள் எழுதிக் கொடுக்கலாம்.