செல்வாக்கு யார் கொடுத்தது?

(கொழும்பில் வேலை செய்யும் மலையகத் தோழர்கள் மத்தியில், கொட்டாஞ்சேனையில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



வெள்ளவத்தைக் கடைகளிலும் கொட்டாஞ்சேனை வீடுகளிலும் உழைக்கிற நம் பிள்ளைகள் இங்கே கூடியிருக்கிறீர்கள். உங்களில் சிலருக்கு இன்று முதலாளியிடம் பேசக்கூடிய செல்வாக்கு வந்திருக்கிறது. அதை எப்படிக் காப்பாற்றுவது என்பதை இந்த நகரத்தின் வரலாறே நமக்குச் சொல்கிறது.

1920களில் கொழும்புத் தொழிலாளரின் தலைவர் ஏ.ஈ. குணசிங்க. 1923இல் பெரும் வேலைநிறுத்தம், 1927இல் துறைமுக வேலைநிறுத்தம், 1929இல் டிராம் வேலைநிறுத்தம் எல்லாம் அவர் காலத்தில் நடந்தவை. பல இனத் தொழிலாளரும் அவர் பின்னால் நின்றார்கள். 1929இல் முதலாளிமார் சம்மேளனமே அவருடைய சங்கத்தோடு ஒப்பந்தம் செய்தது. அது சிறிய வெற்றியல்ல.

ஆனால் 1933இல் வெள்ளவத்தை நெசவாலைத் தொழிலாளர் கூலிக் குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுக்குத் துணை நின்றவர் கொல்வின் ஆர். டி சில்வா. குணசிங்க எதிர்ப்பக்கம் நின்றார். அந்த ஆலையில் மலையாளத் தொழிலாளர் பெருந்தொகையினர். அவர்களை அந்நியரென்று பிரித்துப் பேசும் அரசியலுக்கு அவர் போனார். தொழிலாளர் கொடுத்த பலம் தொழிலாளருக்கு எதிராகவே திரும்பியது.

அதே குணசிங்கவோடு சேர்ந்து கொழும்பில் வேலை செய்தவர்தான் நமது கோ. நடேசய்யர். பின்னர் இருவரும் பிரிந்தார்கள். பத்திரிகை நடத்தியவர், படித்தவர். அவர் கொழும்போடு நின்றிருக்கலாம். ஆனால் சங்கக்காரர் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத அந்த நாளில், புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குப் போனார். 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டெழுதி, கூட்டங்களில் பாடி மக்களைத் திரட்டினார். தங்களுக்கிருந்த எழுத்தையும் பேச்சையும் குரலையும் குரலில்லாதவர்களிடம் கொண்டுபோனார்கள்.

தோழர்களே, கங்காணியும் நம்மூர்க்காரர்தான். நம்மவர் என்ற நம்பிக்கையால்தான் ஆட்கள் அவர் பின்னால் வந்தார்கள். அந்த நம்பிக்கையைத் தலைக்காசாகவும் கடனாகவும் மாற்றியதால்தான் அந்தப் பெயர் கசந்தது. இன்றும் பள்ளிக்கூடம் போகவேண்டிய பிள்ளையைக் கமிஷனுக்காகக் கொழும்பு வீட்டு வேலைக்குக் கூட்டிவருகிறவர், வேறு பெயரில் அதே கங்காணிதான்.

ஆகவே நாம் சொல்வது இதுதான். துரையின் ஒபிசில் என்ன பேசினோமோ, அதை அன்று மாலையே லயத்து வாசலில் சொல்ல முடியவேண்டும். சந்தாக் கணக்கைக் கேட்கிறவரை எதிரியாகப் பார்க்கக்கூடாது. நம் பேச்சால் ஒரு வேலை கிடைக்குமானால், அது நம் உறவுக்காரருக்கு முன் தேவையுள்ளவருக்குக் கிடைக்கவேண்டும். நம் பக்கத்தில் வேலை செய்கிறவர் சிங்களவரோ முஸ்லிமோ, அவருடைய கூலி குறைந்தாலும் நாம் பேசவேண்டும்.

செல்வாக்கு நம் சொத்தல்ல. கொழுந்து பறித்த கைகள் சந்தாவோடு சேர்த்து நம்மிடம் ஒப்படைத்த பொருள் அது. கேட்கிற நாளில் குறையாமல் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.