பேட்டை நிலமும் நமது கடமையும்
(உறவின்முறை மகாசபைக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



நமது ஊர்களின் பூர்வ சரித்திரத்தையும், நிலம் நம் கைக்கு வந்த விதத்தையும் பற்றிப் பேசுமாறு பணிக்கப்பட்டுள்ளோம். ராஜ பரம்பரைக் கதைகளால் நமது பெருமையை நாட்ட வேண்டுவதில்லை. இன்று விருதுநகர் என வழங்கும் விருதுபட்டியில் நம் முன்னோர் முதன்முதல் நிலம் தேடிய வரலாறு ஒன்றே போதுமானது.

திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில் பனையை நம்பி வாழ்ந்த நம்மவர்களிற் சிலர், கருப்பட்டி, கருவாடு, உப்பு முதலிய சரக்குகளை மாட்டின்மேல் ஏற்றி வடக்கே சென்றார்கள். வழியிலோ கள்ளர் பயம். தங்கிய ஊரிலோ சொந்தமாக ஒரு சாண் நிலமில்லை. ஆதலின் வண்டியும் மாடும் சரக்கும் பத்திரமாயிருக்க, சுற்றிலும் அடைப்புள்ள பேட்டைகளை ஏற்படுத்தினார்கள். 1801ஆம் ஆண்டில் பாளையக்காரர் ஆட்சி ஒடுங்கி வழிகளில் பயம் குறையவே, வியாபாரம் பெருகிற்று. சிவகாசி, சாத்தூர், விருதுபட்டி, அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம் என்னும் ஆறு ஊர்களிலும் நம்மவர் நிலைத்தனர்.

இங்கே ஒன்றைக் கருதல் வேண்டும். மற்றையோர்க்கு நிலம் பாட்டன் சொத்தாக வந்தது. நமக்கோ முதல் நிலம் பொது நிலமாக வந்தது. பேட்டையில் விற்ற சரக்கின்மேல் ஒரு சிறு பங்கை மகமையாக எடுத்து வைத்தார்கள். முறைகாரர் தம் முறைப்படி கணக்கெழுதி, கூட்டத்தில் ஒப்புவித்தார்கள். அப்பணத்தால் கிணறும், கோயிலும், சாவடியும், பள்ளிக்கூடமும் எழுந்தன.

விருதுபட்டியில் 1889ஆம் ஆண்டு தோன்றிய க்ஷத்திரிய வித்தியாசாலை இதற்குச் சான்றாகும். அதனை வளர்த்தவற்றுள் மகமையோடு பிடியரிசியும் ஒன்று. உலையிலிடும் அரிசியில் தினமும் ஒரு பிடியை நம் தாய்மார்கள் கலயத்தில் ஒதுக்கினார்கள். பின்னாளில் ராஜ்யத்தின் முதன் மந்திரியாக விளங்கிய காமராஜர் சிறுவராய்ப் படித்ததும் இப்பள்ளியிலேதான். கமுதிக் கோயிலுக்குள் 1897ஆம் ஆண்டு நம்மவர் பிரவேசித்ததற்காக எழுந்த வழக்கு, 1908ஆம் ஆண்டில் பிரிவி கௌன்சிலிலும் நமக்கு எதிராகவே முடிந்தது. பிறர் கதவடைத்த அக்காலத்திலும் நமது பள்ளியின் கதவு எல்லா ஜாதிக் குழந்தைகளுக்கும் திறந்திருந்தது. இதுவே நமது மெய்யான பட்டயம்.

இத்தகைய சொத்தின் இன்றைய நிலை என்ன? ஊருக்கு வெளியேயிருந்த பேட்டை நடுவூராயிற்று. நிலத்தின் விலை ஏற ஏற ஆசையும் ஏறும். பொதுப் பணத்தில் வாங்கிய மனையை, அந்நாளில் நம்பிக்கையுள்ள ஒரு பெரியவர் பேரில் எழுதி வைத்திருப்பின், இன்று அவர் பேரர் அதனைத் தம் குடும்பச் சொத்தென்று கருதக்கூடும். அவர்மேல் கோபிப்பதிற் பயனில்லை. பத்திரம் பேசும், வாய்ச்சொல் பேசாது. விவகாரம் கோர்ட்டுக்குப் போயின், வாதி பிரதிவாதி இருவரும் நம்மவரே. கரைவதும் நம் மகமைப் பணமே.

ஆதலின் மூன்று காரியங்களை வேண்டுகிறோம். முதலாவது, பொதுச் சொத்துக்கள் யாவும் தர்ம ஸ்தாபனத்தின் பேரிலேயே பத்திரமும் பட்டாவும் பெற்றிருத்தல் வேண்டும். பழைய ஓலைகளையும் கிரயப் பத்திரங்களையும் வீட்டுப் பெட்டியில் வைத்திருப்போர் அவற்றைக் கொணர்ந்து நகலெடுக்க உதவுக. இரண்டாவது, சர்வே எண், நான்கெல்லை, வாடகை இவற்றைக் கண்ட ஜாபிதாவை ஆண்டுதோறும் கூட்டத்தில் உரக்கப் படித்தல் வேண்டும்.

மூன்றாவது காரியமே பெரிது. தலைக்கட்டு வரிப் புத்தகத்தில் ஆடவர் பெயரே எழுதப்பட்டு வந்தது. பிடியரிசி எடுத்தவரோ பெண்டிர். 2005ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனோடு சமபங்கு கிடைத்துவிட்டது. பொதுச் சொத்தின் கணக்கைக் கேட்கும் பாத்தியதை மட்டும் அவளுக்கு இல்லையென்பது எந்த நியாயம்? கணக்குப் படிக்கும் நாளில் தாய்மார்களும் சபையில் அமர்ந்து வினவட்டும். கலயத்தில் விழுந்த ஒவ்வொரு பிடி அரிசிக்கும் நாம் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

முன்னோர் நமக்கு விட்டுச் சென்றது மண் மாத்திரமன்று. ஒருவர் கணக்கை மற்றவர் கேட்கலாம் என்னும் ஒழுங்குமாகும். அதனைக் காப்போமாக.