படைக்கலமும் பட்டறையும்



தகடூர் மண்ணில் நின்று படைக்கலம் என்ற சொல்லை எடுத்தால் ஔவையாரின் தூது நினைவுக்கு வராமல் போகாது. அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற அவர், அங்கே தமக்குக் காட்டப்பட்ட படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாடியது புறநானூற்றின் 95ஆம் பாடல். தொண்டைமானின் கருவிகள் நெய் பூசப்பெற்றுக் காவலுக்குள் இருந்தன. அதியமானின் கருவிகளோ சிதைந்து கொல்லனின் பட்டறையில் கிடந்தன. புகழ்வது போலப் பழித்த திறத்தை இலக்கணம் வல்லோர் விரித்துரைப்பர். அது ஒருபுறம் இருக்க, தொழிலறிந்தோர்க்கு அப்பாடலில் வேறோர் உண்மையும் தென்படும். பட்டறைக்கு வந்த கருவிதான் உழைத்த கருவி. அந்த உண்மையை உணர்வதற்குப் புலவர் ஒருவர் கொல்லனின் கூடத்தையும் அறிந்திருக்க வேண்டியதாயிற்று.

அந்தக் கண்கொண்டு பார்க்கத்தக்க பொருளொன்று அண்மைக் காலத்திலும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஓடி, பின்னர் ஏலத்தில் விற்கப்பட்டு, நெல்லும் புளியும் சுமந்த இராணுவ லாரியே அது.

அந்தப் போர்க்காலத்தில் இந்தியப் படை ஏறத்தாழ 25 இலட்சம் பேராகப் பெருகியது. கலப்பையும் கட்டை வண்டியுமே அறிந்திருந்த இளைஞர் பலர் அங்கேதான் முதன்முதலாக ஸ்டீயரிங்கைப் பிடித்தனர். அமெரிக்காவின் ஜி.எம்.சி., டாட்ஜ், செவர்லே வண்டிகளும், கனடாவில் செய்யப்பட்ட ஃபோர்டு வண்டிகளும் இந்நாட்டுக்கு வந்திறங்கின. ஜி.எம்.சி.யின் இரண்டரை டன் லாரி மட்டும் ஐந்தரை இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. அசாமின் லெடோவிலிருந்து மலைகளைக் குடைந்து போடப்பட்ட பாதையில் இத்தகைய லாரிகள் 1945 பிப்ரவரியில் சீனத்தின் குன்மிங் நகரை அடைந்தன.

போர் முடிந்தது. 1946 மே மாதத்தில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, இங்கு எஞ்சிய அமெரிக்கப் போர்ப்பொருள்கள் இந்திய அரசின் கைக்கு வந்தன. அரசின் டிஸ்போசல் துறை அவற்றை ஏலம் விட்டது. 'டிஸ்போசல் லாரி' என்ற பெயர் அவ்வாறு மக்கள் வழக்கில் நிலைத்தது. பெட்ரோல் பங்கீட்டால் பேருந்துகள் கரிவாயுவில் ஓடிய காலம் அது. புது வண்டி கிடைப்பது அரிது. எனவே போர் கழித்துவிட்ட வண்டிக்கும் மதிப்பிருந்தது. தருமபுரியும் நாமக்கல்லும் சங்ககிரியும் அப்போது ஒன்றுபட்ட சேலம் மாவட்டத்தின் பகுதிகள். தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2ஆம் நாள்தான். பின்னாளில் லாரித் தொழிலுக்கும் பாடி கட்டும் தொழிலுக்கும் பெயர்பெற்ற ஊர்கள் இந்த வட்டாரத்திலேயே அமைந்தன என்பது கருதத்தக்கது.

இவ்வண்டிகளைப் பேணுவது எளிய செயலன்று. கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. தொழிலோ கண்ணாலும் காதாலும் கையாலும் கற்கப்பட்டது. உதிரிப்பாகம் கடல் கடந்து வரவேண்டும். வராதபோது ஒரு வண்டியைப் பிரித்து இன்னொரு வண்டியை ஓடவைப்பார்கள், அல்லது கடைசல் பட்டறையில் அப்பாகத்தையே புதிதாகச் செய்துகொள்வார்கள். பழைய செவர்லே என்ஜினின் பேரிங் தேய்ந்தால் ஈயக்கலவையை உருக்கி ஊற்றி, நீலம் தடவி, தண்டோடு பொருத்திச் சுழற்றி, நீலம் ஒட்டிய மேட்டை மட்டும் சுரண்டுவார்கள். மிகுதியாகச் சுரண்டினால் என்ஜின் தட்டும். குறைவாகச் சுரண்டினால் சுழலாது. வில்லின் மெயின் பட்டை ஒடிந்தால் உலையில் காய்ச்சி அடித்து வளைவு கொடுப்பார்கள். கோடையில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நின்றால், பம்பின்மேல் ஈரத்துணி சுற்றுவார்கள். இந்தப் பெட்ரோல் செலவைத் தாங்காமல் பலர் டீசல் என்ஜினை மாற்றிப் பொருத்தினர். 1950களில் சென்னை சிம்சன் நிறுவனம் பெர்கின்ஸ் டீசல் என்ஜின்களைச் செய்யத் தொடங்கியது அவர்களுக்குத் துணையாயிற்று.

ஓட்டுவதோ அதனினும் நுட்பமானது. அமெரிக்க வண்டியில் ஸ்டீயரிங் இடப்பக்கம் இருந்தது. நம் சாலைகளில் முந்திச் செல்லும்போது எதிரே வருவதை ஓட்டுநர் காண முடியாது. வலப்பக்கம் அமர்ந்த கிளீனரின் வாய்ச்சொல்லே அவருக்குக் கண். எல்லாச் சக்கரமும் இழுக்கும் வண்டியானாலும் சேற்றிலும் மணலிலும் மட்டுமே முன் அச்சைச் சேர்க்க வேண்டும். தார்ச்சாலையில் சேர்த்தே ஓட்டினால் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு டயர் தேயும், அச்சும் முறியும்.

கியர் மாற்றுவதற்கு 'டபுள் கிளட்ச்' என்று பெயர். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து, என்ஜினின் வேகத்தைச் சரிசெய்து, மீண்டும் மிதித்து அடுத்த கியரில் இட வேண்டும். கீழ்க்கியருக்கு வரும்போது நடுவில் ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்து வேகம் கூட்ட வேண்டும். இதற்கு அளவுகோல் காதுதான். இரண்டு பற்சக்கரங்களும் இசையும் கணத்தைக் கேட்டறிய வேண்டும். தவறினால் பல் உராயும் ஓசை ஊர் முழுவதும் கேட்கும். சரிவில் தவறினாலோ கியர் விழாது. வண்டி நியூட்ரலிலேயே உருளும். ஆதலால் எந்தக் கியரில் இறங்குவது என்பதை மலையின் உச்சியிலேயே முடிவுசெய்ய வேண்டும். ஏறுவதற்கு வேண்டிய கியரிலேயே இறங்கு என்பதே அத்தொழிலின் முதற்பாடம்.

தொப்பூர்க் கணவாயை அறிந்தவர்களுக்கு இப்பாடத்தின் விலை தெரியும். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி நீண்டிறங்கும் அச்சரிவில் டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடும் வழக்கம் பல உயிர்களைக் கொண்டிருக்கிறது. நியூட்ரலில் என்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. சுமை முழுவதும் பிரேக்கின்மேல் விழும். பிரேக் டிரம் காய்ந்து, பிடிப்பு மெல்ல மெல்லக் குறையும். என்ஜினையும் நிறுத்திவிட்டால் காற்று பிரேக்குக்கு வேண்டிய அழுத்தமும் தீர்ந்துபோகும். 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் நேர்ந்த பெருவிபத்துகளை இம்மாவட்டம் மறக்கவில்லை. சாலை அகன்றது, வண்டியின் ஆற்றல் வளர்ந்தது. கியர் இப்போது ஓசையின்றி விழுகிறது. ஆனால் உச்சியில் நின்று முடிவெடுக்கும் அந்தப் பழக்கம் வண்டியோடு சேர்ந்து விற்பனைக்கு வருவதில்லை. அது ஓட்டுநர் கிளீனருக்குச் சொல்லிக்கொடுத்து வந்த கல்வி.

காலம் மாறியது. ஜபல்பூரில் 1959இல் தொடங்கிய சக்திமான் லாரியின் உற்பத்தி 1996இல் நின்றது. அதன் இடத்துக்கு அசோக் லேலண்டின் ஸ்டாலியன் போன்ற வண்டிகள் வந்தன. அந்நிறுவனம் 1980இல் ஓசூரில் ஆலை தொடங்கியபோது ஓசூர் தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. 2004இல்தான் அது கிருஷ்ணகிரியோடு பிரிந்தது. அயல்நாட்டுப் போர்வண்டியை ஏலத்தில் எடுத்த காலத்திலிருந்து, படைக்கு வண்டி செய்து தரும் நிறுவனத்தின் ஆலை இங்கேயே அமைந்த காலம் வரை, ஒரு தலைமுறை வளர்ந்து முடிந்தது.

அத்தலைமுறையின் சொற்கள் இன்று முதியவர் சிலரின் நாவில் மட்டும் உள்ளன. மேட்டில் நின்ற வண்டியின் சக்கரத்துக்குப் பின்னே 'கட்டை போடு' என்ற குரலில் ஓர் உயிரின் பொறுப்பு இருந்தது. பேரிங்கைச் சுரண்டியவரின் விரல் அறிந்த அளவு எந்தக் கையேட்டிலும் இல்லை. அவரைக் கேட்டால்தான் தெரியும். கேட்பதற்கும் காலம் கடந்துகொண்டிருக்கிறது.

பத்தாண்டு நிறைவில் இலக்கிய வட்டத்தின் முன் வைக்கத்தக்க வேண்டுகோள் ஒன்றே. அடுத்த ஆண்டுகளில் உறுப்பினர்கள் ஒரு நோட்டோடு நெடுஞ்சாலையோரப் பட்டறைகளுக்குச் செல்லட்டும். வயது முதிர்ந்த ஓட்டுநரும் மெக்கானிக்கும் சொல்வதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி வரட்டும். கவிதை பிறகு வரலாம், வராமலும் போகலாம். தொப்பூரில் இறங்கப்போகும் இளைஞன் ஒருவனுக்கு அந்த நோட்டின் ஒரு பக்கம் பயன்பட்டாலும், ஔவையார் கண்ட பட்டறைக்கு இவ்வூர் செய்யும் மரியாதை அதுவேயாகும்.